சுல்தானின் தாயும் சிராங்கூன் காகமும்

பானிபட் போரை நான் ஆறு தடவை நடத்தியிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை, ஏழாம் வகுப்பில், என் மேசைமேல். யுத்தத்துக்கு முன் நான் பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சர். காலித் தீப்பெட்டிகளை வரிசையாக நிறுத்தி நூலால் ஒன்றோடொன்று கட்டுவேன். அவை காபூலிலிருந்து வந்தவனின் வண்டிகள். நடுநடுவே இடைவெளி விடுவேன். அங்கேதான் துப்பாக்கிக்காரர்களும் பீரங்கிகளும். எதிர்ப்பக்கம் புளியங்கொட்டைகளைக் குவிப்பேன். அது தில்லி சுல்தானின் படை. கொட்டைப் பாக்குகள் யானைகள். பிறகு பீரங்கிக்குப் பதில் பிரம்பால் மேசையில் ஓங்கி ஒரு போடு போடுவேன். பிள்ளைகள் அலறுவார்கள். பாக்குகள் உருண்டு திரும்பிப் புளியங்கொட்டைகள்மேல் ஏறும். சத்தத்துக்கு மிரண்ட யானை சொந்தப் படையையே மிதித்தது என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காலையில் தொடங்கிய சண்டை உச்சிப்பொழுதுக்குள் முடிந்தது. சுல்தான் களத்திலேயே செத்தான். ஒரு புது சாம்ராஜ்யம் பிறந்தது. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி.

நான் எழுதப்போகும் இதில் யார் பெயரும் வராது. வென்றவன் பெயரையும் தோற்றவன் பெயரையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தே சலித்துப்போனேன். மற்றவர்கள் பெயரைச் சொன்னால் எனக்கு இன்றும் ரத்தக் கொதிப்பு ஏறும். ஈசூன் கிளினிக்கில் இருக்கும் டாக்டர், கோபம் கூடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

என் கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம்: ஓர் அறை, ஓர் அடுப்படி, சுவர் சூழ்ந்த சின்ன முற்றம். சாப்பிடும்போது அவருக்கும் எனக்கும் பானிபட்டைப் பற்றித்தான் சண்டை. நான் வென்றவன் கட்சி. அவர் சுல்தான் கட்சி.

“வண்டியைக் கட்டிட்டு அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டவன வீரன்னு சொல்லிக்குடுக்குறே. நல்ல டீச்சர் லா நீ,” என்பார்.

“தோத்தவங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க.”

ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “ஆமா, அந்த சுல்தானுக்கு அம்மான்னு ஒருத்தி இருந்திருப்பாள்ல? மகன் செத்ததுக்கு அப்புறம் அவ என்ன ஆனா?”

எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. பள்ளி அலமாரியிலிருந்த தடித்த புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். வென்றவன் அவளை மரியாதையாகத்தான் வைத்திருந்தான். இந்த நாட்டுச் சாப்பாட்டை ருசி பார்க்கும் ஆசையில் செத்தவனின் சமையல்காரர்களையும் வைத்துக்கொண்டான். அவள் அதையே பிடித்துக்கொண்டாள். சமையல்காரன் ஒருவனையும் ருசி பார்ப்பவனையும் வசப்படுத்தி, கொஞ்சம் விஷத்தை அடுக்களைக்குள் அனுப்பினாள். சமையல்காரன் பயந்துபோய்ப் பாதியைத்தான் ரொட்டிமேல் தூவினான். மீதியை அடுப்பில் போட்டுவிட்டான். தின்றவன் வாந்தியெடுத்துப் பிழைத்துக்கொண்டான். வாந்தியைத் தின்ற நாய் வயிறு ஊதிக் கிடந்தது. அவளுக்குக் கூட்டு நின்ற எல்லோரையும் வென்றவன் கொன்றான். அவளைச் சிறையில் போட்டான்.

என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். “பாதியை அடுப்புல போட்டுட்டானே, பாவி,” என்றார்.

அந்தப் பேச்சு நடந்தபோது எங்களுக்கு அது வெறும் கதை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சுல்தானைப் போலவே வெள்ளைக்காரனிடமும் ஆள் அதிகம். சுல்தானைப் போலவே தோற்றான். ஊர் பெயர் சியோனான் ஆனது. பள்ளி மறுபடி திறந்தபோது சரித்திரப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். காலையில் கிழக்குப் பார்த்துக் குனிந்து எழ வேண்டும், அப்புறம் தேகப்பயிற்சி, ஜப்பானிய எழுத்து. முதல் நாள் இரவு நான் கற்றதை மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். தீப்பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பெரிக்கப் போட்டேன்.

என் கணவர் ஒரு ரேடியோவை ஒளித்து வைத்திருந்தார். காலி அரிசிப் பீப்பாயின் அடியில், சாக்குக்குக் கீழே. அரிசி இல்லாத காலத்தில் அரிசிப் பீப்பாயை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அது இருந்தது மூன்று பேருக்குத் தெரியும்: அவருக்கு, எனக்கு, அவருடைய பெரியப்பா மகனுக்கு. எனக்கு முறைக்கு மூத்தார். மாமா என்று கூப்பிடுவேன். வாரத்துக்கு ஒருமுறை வந்து எங்களோடு பீப்பாய்க்குள் தலையை விட்டுச் செய்தி கேட்டவர் அவர்.

ஒரு காலையில் ராணுவப் போலீஸ் வந்தது. கட்டிலைப் புரட்டவில்லை, பெட்டியைக் கவிழ்க்கவில்லை. ஒருவன் நேராக நடந்து போய்ப் பீப்பாயின் மூடியைத் திறந்தான். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே இருவருக்கும் விளங்கிவிட்டது. அவரைச் சட்டைகூட மாட்டவிடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மாலையில் மூத்தார் வந்து உட்கார்ந்து அழுதார். நன்றாக அழுதார். அடுத்த வாரமே அவருக்கு ஜப்பான்காரனிடம் ஆட்களை மேய்க்கும் வேலை கிடைத்தது. கூடுதல் அரிசியும் கிடைத்தது. அதில் ஒரு சிறு பை எனக்கு வந்தது. அந்த அரிசியை நான் பொங்கித் தின்றேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. செத்துவிட்டால் பழிவாங்க ஆள் இருக்காதே.

நான்கு மாதம் கழித்து, அதே சிறையிலிருந்து வெளியே விட்ட ஒருவர் வந்து, என் கணவர் போய்விட்டார் என்று சொன்னார். என்றைக்கு என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே நாள் கணக்கு இல்லையாம். உடலும் கிடைக்கவில்லை. நாள் தெரியாமல் செத்தவர்களுக்கு அமாவாசையில் படைப்பது வழக்கம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பெண்பிள்ளை நான் செய்யக்கூடாது. செய்ய உரிமையுள்ள பங்காளி இந்த ஊரில் ஒரே ஒருவர்தான்.

காட்டிக்கொடுத்தவரே காரியம் செய்ய வருகிறார். வீட்டு வாசலில் வந்து நின்று, “அமாவாசைக்குப் படைச்சிருவோம்மா. நான் இருக்கேன்ல,” என்றார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு சுல்தானின் தாய் ஞாபகம் வந்தாள்.

அப்போது திரும்பிய பக்கமெல்லாம் மரவள்ளி. பந்து விளையாடிய திடலிலும் மரவள்ளி, ரோட்டோரத்திலும் மரவள்ளி. அதில் கசக்கும் சாதி ஒன்று உண்டு. காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனத்து அம்மாள் வேலியோரச் செடிகளைக் காட்டி, “தா போலே மாக்கான்! மாத்தி!” என்று என்னிடம் கத்தியிருக்கிறாள். தின்னக்கூடாது, செத்துப்போவாய் என்று மலாயில் சொன்னாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். நான் இரண்டு கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

டீச்சர் அல்லவா, ஒவ்வொன்றாக யோசித்தேன். சுல்தானின் தாய் செய்த தப்பு எது? அடுத்தவனை நம்பியது. நான் யாரையும் நம்ப வேண்டாம், அடுப்படி என்னுடையது. பாதியை அடுப்பில் போட ஆள் இல்லை. கசப்பு தெரியாமலிருக்கத் தேங்காய்ப் பாலும் குலா மலாக்கா வெல்லமும் போட்டுப் பாயசம். ருசி பார்ப்பவன்? படையலுக்குச் சமைப்பதை வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது என்பது நம் வழக்கம். நான் ஏன் பார்க்கவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். நாய்? சந்தில் இருந்த நாய்களை எல்லாம் எப்போதோ யாரோ தின்றுவிட்டார்கள். என்னை என்ன செய்வார்கள் என்ற யோசனையும் வந்தது. செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அமாவாசையன்று மூத்தார் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார். படம் இல்லாததால் என் கணவரின் வேட்டியை மடித்து வைத்து, அதன்முன் இலை போட்டேன். அவர் கொடுத்த அரிசியில் ஒரு பிடி சோறு, கங்கோங் கீரை, பாயசம். விழுந்து கும்பிட்டார். எழுந்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து ஒரு இலைத்துண்டில் வைத்தார். பாயசத்தையும் அதன்மேல் ஊற்றினார். முற்றத்துக்குப் போய்ச் சுவர்மேல் வைத்து, “கா... கா...” என்று கூப்பிட்டார்.

காகத்தை நான் மறந்துவிட்டேன்.

பிறந்ததிலிருந்து காகத்துக்கு வைக்காமல் படையல் சோறு தின்றவள் இல்லை நான். அரண்மனையில் ருசி பார்ப்பவன் யார், ஊதிக் கிடந்த நாய் எது என்றெல்லாம் யோசித்தவளுக்கு, என் வீட்டுச் சுவரில் முதல் வாய் யாருக்கு என்பது புத்தியில் ஏறவில்லை. படித்தவள் புத்தி அப்படித்தான் போகும். சாதாரணமாக ஒரு காகம் செத்தால் நான் கவலைப்பட்டிருக்கமாட்டேன். அன்றைக்கு வருவது சாதாரணக் காகமா? அமாவாசைச் சோற்றுக்கு வருவது யார் என்பது எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். என் கணவருக்கு இனிப்பு என்றால் உயிர். முதலில் பாயசத்தில்தான் வாய் வைப்பார்.

எருமைக் கொட்டகைகள் பக்கமிருந்து ஒன்று வந்தது. கனத்த மூக்கு, நல்ல கறுப்பு. சுவரில் இறங்கி, தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. மூத்தார் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். காகம் ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு.

முற்றத்தில் கிழங்குச் சீவலைக் காயவைப்பேன். குருவி கொத்தாமலிருக்கக் காலிப் பால் டின்களைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி, சுவரோரம் ஓடவிட்டு, ஒரு முனையை அடுப்படி ஜன்னல் கம்பியில் முடிந்து வைத்திருந்தேன். ஜன்னலுக்குள் நின்றபடி அந்த முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். டின்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று அதிர்ந்தன. காகம் எழும்பிப் பறந்துபோய் எதிர்க்கூரையில் உட்கார்ந்தது.

மூத்தார் கண்ணைத் திறந்தார். டின்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

“காத்தாம்மா?”

நான் கயிற்றை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். “காத்தே இல்லையே மாமா,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். மேசையில் பிரம்பு விழுந்ததும் பாக்குகள் உருளும் அந்தக் கணம் எனக்குப் பழக்கமானது.

காகம் எதிர்க்கூரையை விட்டு இறங்கவில்லை. கூப்பிட்டுக்கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டிப்போனது. உச்சிப்பொழுது தாண்டிச் சுவரின் நிழல் முற்றத்தில் விழுந்தது. பசியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சாப்பிட்டுறட்டுமாம்மா?” என்று கேட்டார். இலையில் பாயசம் ஆடை கட்டிக் கிடந்தது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும், வந்த காரியம் முடிந்திருக்கும்.

“காக்கா எடுக்காம எப்படி மாமா சாப்பிடுறது? அவரு இன்னும் சாப்பிடலையே.”

அவர் முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். “அவன் என்னை மன்னிக்கல,” என்றார்.

“எதுக்கு மன்னிக்கணும் மாமா?”

தரையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார். “சயாம் ரயிலுக்கு ஆள் எடுத்தாங்கம்மா. லிஸ்ட்ல என் பேரு இருந்துச்சு. ரேடியோவ மட்டும் எடுத்துக்கிட்டு ரெண்டு அடி போட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.”

எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த வாயிலிருந்து கேட்டபோது என் கை அரிவாள்மணையைத் தேடியது. இரக்கம் வந்ததா என்று பின்னாளில் சிலர் கேட்டிருக்கிறார்கள். வரவில்லை. சயாமுக்குப் போனவர்கள் திரும்பாததும் தெரியும், அவர் பயந்ததும் தெரியும். பயந்தவர் எல்லாம் அடுத்தவன் பீப்பாயைக் காட்டிக்கொடுத்தார்களா? பாயசம் குடித்தால் சாயங்காலத்துக்குள் போய்விடுவார். என் கணவர் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தார். ஒரு சாயங்காலம் போதாது என்று தோன்றியது.

“அடுத்த அமாவாசைக்கு வாங்க. அவரு எடுக்குற வரைக்கும் வைக்கணும்ல மாமா,” என்றேன்.

அவர் போனபின் சுவரில் வைத்ததையும் இலையையும் பாயசத்தையும் ஒரு பருக்கை விடாமல் திரட்டி, முற்றத்து மூலையில் ஆழமாகக் குழி தோண்டிச் சாம்பலோடு போட்டு மூடினேன். சுல்தானின் தாய்க்கு வாய்க்காத ஒன்று எனக்கு வாய்த்திருந்தது. விஷம் இனி தேவையில்லை, கயிறு போதும்.

அடுத்த அமாவாசைக்கு வந்தார். அதற்கடுத்ததற்கும் வந்தார். நல்ல சோறு வைத்தேன், நல்ல கறி வைத்தேன். அவர் கண்ணை மூடுவார். காகம் இறங்கும். நான் கயிற்றை இழுப்பேன். “காத்தாம்மா?” என்று கேட்பதை மூன்றாவது மாதமே நிறுத்திவிட்டார். டின்களை அவிழ்த்து வைக்கச் சொல்லவே இல்லை. கயிறு எங்கே போகிறது என்று ஒருநாளாவது பின்தொடர்ந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது குறுகுறுக்கவில்லை, யானை மாதிரித் திரும்பி அவரையே மிதித்தது. மற்ற நாட்களிலும் சோறு இறங்கவில்லை என்றார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார். எனக்கு வரும் அரிசிப் பை மட்டும் பெரிதானது. நான் தின்று தெம்பாக இருந்தேன்.

இப்படி இருபத்தோரு அமாவாசை.

ஜப்பான்காரன் சரணடைந்ததும் காட்டிக்கொடுத்தவர்களைத் தேடிப்பிடித்து நடுரோட்டில் அடித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அது நல்லெண்ணமில்லை. கூட்டம் அரைமணியில் முடித்துவிடும், எனக்குக் கட்டுப்படியாகாது.

கப்பல் ஓடத் தொடங்கியதும் மூத்தார் ஊருக்குப் போக இடம் பிடித்தார். சொல்லிக்கொள்ள வந்தபோது சட்டை உடம்பில் தொங்கியது. “ராமேஸ்வரத்துல வச்சுப் பாக்குறேம்மா,” என்றார். என் காலில் விழ வந்தார். நான் நகர்ந்துகொண்டேன்.

மூத்தார் போன பிறகு வந்த முதல் அமாவாசையில் டின்களை அவிழ்த்தேன். கயிற்றை அடுப்பில் போட்டேன். பெண்பிள்ளை செய்யக்கூடாது என்பதை எல்லாம் போகச் சொல்லிவிட்டு, நானே குளித்து, நானே சமைத்தேன். நல்ல கிழங்கில், தேங்காய்ப் பால் விட்டு, என் கணவருக்குப் பிடித்த பாயசம். சுவரில் வைத்து “கா... கா...” என்று கூப்பிட்டேன். எதிர்க்கூரையில் நான்கைந்து காகங்கள் உட்கார்ந்திருந்தன. என்னைப் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை.

மத்தியானம் முழுக்க நின்றேன். அடுத்த அமாவாசைக்கும் நின்றேன். பக்கத்து வீட்டுச் சுவரில் வைத்த சோற்றை அவை வந்து தின்றன. என் சுவருக்கு மட்டும் வரவில்லை. இருபத்தோரு மாதம் விரட்டியவளை அவை நன்றாக அடையாளம் வைத்திருந்தன. மூத்தாரைப் பட்டினி போட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தோரு அமாவாசையும் வந்து வந்து வெறும் வயிற்றோடு திரும்பியவர் யார் என்பது அந்த முற்றத்தில் நின்றபோதுதான் உறைத்தது. சிறையில்தான் பட்டினி என்றால் நானும் பட்டினி போட்டேன். அன்று அழுத மாதிரி அவர் செத்த சேதி வந்தபோதுகூட நான் அழவில்லை. சுவரைப் பார்த்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் மட்டும்தான்.

அந்த வாரம் ராமேஸ்வரத்திலிருந்து கடிதம் வந்தது. மூத்தார் எழுதியிருந்தார். கடற்கரையில் வைத்தாராம். வைத்த கையை எடுப்பதற்குள் காகம் வந்து தின்றதாம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாராம். தம்பி மனசு இரங்கிவிட்டான், இனி நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்று முடித்திருந்தார்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கயிற்றைப் பற்றி எழுதிவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு பள்ளிக்கூடத்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். நலம், நலமறிய ஆவல் எதுவும் போடவில்லை. ஒரே ஒரு வரி எழுதி, அன்று மாலையே தபாலில் சேர்த்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

“மாமா, இங்கே அவர் இன்னும் எடுக்கவில்லை.”